சூலியா தெரு: பினாங்கின் பயணியர் தெருவும் தமிழர் வரலாறும்

மலேசியாவின் பினாங்குத் தீவில் அமைந்த ஜார்ஜ் டவுன் நகரின் மிகப் பழைய தெருக்களுள் ஒன்று சூலியா தெரு. மலாய் மொழியில் இது லெபு சூலியா எனப்படுகிறது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு குறைந்த செலவில் நாடு சுற்றும் பேக்பேக்கர்கள் தங்குமிடமாக இத்தெரு இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. மலிவான விடுதிகள், பணமாற்றுக் கடைகள், பழைய புத்தகக் கடைகள், இரவு நேரத் தள்ளுவண்டி உணவுக் கடைகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

தென்கிழக்காசியாவில் இத்தகைய தெருக்கள் வேறும் உண்டு. பாங்காக்கின் காவ் சான் சாலையும் ஹோ சி மின் நகரின் புய் வியென் தெருவும் புகழ்பெற்றவை. ஆனால் சூலியா தெருவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இது வழிப்போக்கர்களின் தெருவாக இருந்தது. அந்த வழிப்போக்கர்கள் தமிழர்கள்.

பெயர்க் காரணம்

சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்த தமிழ் முசுலிம்களை மலாய் உலகில் சூலியா என்று அழைத்தனர். இச்சொல்லைச் சோழர் என்னும் பெயரோடு தொடர்புபடுத்துவோர் பலர். சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஒரு தெரு உண்டு.

ஜார்ஜ் டவுனில் இத்தெருவுக்கு முதலில் வழங்கிய பெயர் மலபார் தெரு. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார்கள் என்றே குறிப்பிட்டனர். ஆகவே பெயர் மாறினாலும் அது சுட்டிய மக்கள் மாறவில்லை.

தெருவின் தோற்றம்

கடாரம் என்று தமிழர் அறிந்த கெடாவின் துறைமுகத்தில் தமிழ் முசுலிம் வணிகர்கள் முன்பே இடம் பிடித்திருந்தனர். 1786 ஆகஸ்ட் 11 அன்று கெடா சுல்தானுக்குரிய பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபோது, அவர்களில் பலர் புதிய துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தனர்.

லைட் அமைத்த நகரம் மிகச் சிறியது. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடலோரமாகப் பீச் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு என நான்கு தெருக்களே அதன் எல்லைகள். அந்தத் தெற்கு எல்லைத் தெருவே இன்றைய சூலியா தெரு.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து துணி மூட்டைகளுடன் கப்பல்கள் வந்தன. திரும்பும்போது பாக்கு, மிளகு, தகரம் ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. இறப்பதற்குச் சற்று முன் 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றிய குறிப்பு உள்ளது. கடைக்காரர்களும் கூலிகளுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே குடியிருந்தனர். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் வந்து, சில வெள்ளிகள் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்துக்கு அடுத்த கப்பலில் வேறு ஆட்கள் வந்தனர். தங்கியவர்களைவிட வந்து போனவர்களே மிகுதி என்பது இக்குறிப்பால் விளங்குகிறது.

வழிபாட்டிடங்கள்

வந்து போகும் மக்களுக்கு நிலையான இடங்கள் தேவைப்பட்டன. 1801இல் சூலியாக்களின் தலைவராக இருந்த காதர் முகைதீனின் முயற்சியால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் லீத் இதற்காக 18 ஏக்கர் நிலம் வழங்கினார். கெலிங் என்பது கலிங்கம் என்னும் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த சொல். இன்று அது இழிசொல்லாகக் கருதப்படுவதால் பேச்சில் தவிர்க்கப்படுகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் வரலாற்றுச் சொல்லாக நிற்கிறது.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா உள்ளது. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட இது, கடற்பயணிகள் நேர்ச்சை செலுத்தும் இடமாக விளங்கியது. அருகிலுள்ள குயின் தெருவில் 1833இல் மகா மாரியம்மன் கோயில் கட்டப்பட்டது.

தமிழ்க் கப்பலில் வந்த புதிய பயணிகள்

20ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல்களின் இடத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்திருந்தன. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்தது. சென்னையிலிருந்து பினாங்கு சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தமிழ்த் தொழிலாளர், வணிகர் குடும்பங்களின் நினைவில் இக்கப்பலுக்குத் தனி இடம் உண்டு.

1960களின் இறுதியில் அதே தளத்தில் புதியவர்கள் சிலர் சேர்ந்துகொண்டனர். ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியா வந்து, அங்கிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற மேலைநாட்டு இளைஞர்கள் அவர்கள். எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. பர்மா வழியாகத் தரையில் செல்ல முடியாத நிலையில், சென்னைக்கும் பினாங்குக்கும் இடையிலான கப்பலே அவர்களுக்கு மலிவான வழி. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றபின் சிதம்பரம் என்னும் கப்பல் இவ்வழியில் ஓடியது. 1985இல் அதில் நிகழ்ந்த தீவிபத்துடன் அப்பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

இவ்வாறு வந்தவர்களுக்குத் துறைமுகத்துக்கு அருகிலேயே குறைந்த வாடகையில் அறை கிடைத்தது. சூலியா தெருவில் சீனர்கள் நடத்திய பழைய விடுதிகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. 1975இல் வெளிவந்த லோன்லி பிளானட் நிறுவனத்தின் தென்கிழக்காசிய வழிகாட்டி நூல் இத்தகைய பயணத்தைப் பரவலாக்கியது. நாளடைவில் சூலியா தெருவிலிருந்து பிரியும் லவ் லேன் சந்திலும் விடுதிகள் பெருகின.

வாடகைச் சட்டமும் குடியிருப்போரும்

பழைய வீடுகள் இவ்வளவு காலம் இடிபடாமல் நின்றதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் தடுத்தது. எனவே கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் நகரின் நடுவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது. மறுபுறம், வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் பலர் வீடுகளைப் பழுதுபார்க்காமல் விட்டனர்.

1997இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. 2000 சனவரி முதல் வாடகைகள் கட்டுப்பாடின்றி உயர்ந்தன. நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 சூலை 7 அன்று மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இதனால் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதே வேளையில் அவற்றின் மதிப்பும் உயர்ந்து, குடியிருப்புகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறும் போக்கு விரைவடைந்தது. சுவரைக் காக்கும் சட்டம் அதற்குள் வாழ்ந்தவரைக் காக்கவில்லை.

இன்றைய தெரு

பீச் தெருவிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவர் இவ்வரலாற்றை வரிசையாகக் காணலாம். முதலில் லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகளும் தமிழ்ப் பாட்டும். அடுத்து கிங் தெரு மூலையில் நாகூர் தர்கா. பின்னர் பிட் தெருச் சந்திப்பருகே பள்ளிவாசலின் குவிமாடங்கள். அதைத் தாண்டினால் விடுதிகளும் வாடகை மோட்டார் சைக்கிள் கடைகளும். மாலையில் வான்தான் மீ விற்கும் தள்ளுவண்டிகளைச் சுற்றி உள்ளூர் மக்களும் வெளிநாட்டவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். தோளில் காவடித் தண்டு சுமந்து தமிழ் முசுலிம்கள் விற்ற சோறே நாசி கண்டார் என்னும் புகழ்பெற்ற பினாங்கு உணவாயிற்று. அதற்குப் பேர்போன ஹமீதியா உணவகம் 1907 முதல் அருகிலுள்ள கேம்பல் தெருவில் இயங்கி வருகிறது.

முடிவுரை

சூலியா தெருவில் வாடகைக்கு இருந்தவர்கள் சட்டம் மாறியதும் போக நேர்ந்தது. அறக்கொடையாக விடப்பட்ட நிலத்தில் எழுந்தவை நிலைத்தன. 18 ஏக்கரும் முழுமையாக எஞ்சவில்லை என்றாலும், பள்ளிவாசலும் தர்காவும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்ப வந்தவர்கள் தமக்கெனக் கட்டிய வீடுகளைவிட, பின்னால் வருவோருக்கெனப் பொதுவில் கட்டியவையே இத்தெருவில் தமிழரின் தடமாக நிற்கின்றன. அவை இல்லையேல் சூலியா என்பது தெருப் பலகையில் ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருக்கும்.