முதுகெலும்பில் ஒரு வெள்ளைப் புள்ளி

எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா சுரங்கத்தில் ஷிப்டு பார்க்கிறவர். ரொம்ப நாளாக இடுப்பு வலி. சி.டி. ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டில் முதுகெலும்பில் 'ஸ்கிளிரோடிக் லீஷன்' என்று ஒரு வரி. அத்தை அதை என்னிடம் கொண்டு வந்து, "நெட்டுல பாத்து சொல்லுப்பா" என்றார். பார்த்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. எலும்பில் தெரியும் வெள்ளைப் புள்ளி புற்றுநோய் பரவியதாகவும் இருக்கலாம், ஒன்றுமே செய்யாத 'எலும்புத் தீவு' என்ற கெட்டிப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தேடப்போய்தான் இந்தப் பதிவு.

நெய்வேலிக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். பூமியை வெட்டாமல் அடியில் நிலக்கரி எங்கே, எத்தனை கனம் என்று துளை போட்டுத்தானே பார்க்கிறார்கள்? உடம்பில் துளை போட முடியாது. அதனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரேயைச் செலுத்தி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் சி.டி.

சாதா எக்ஸ்ரே காலத்தில் பாடு பெரும்பாடு. எலும்பில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை அரித்த பிறகுதான் படத்தில் தெரியும். நேராக எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஆந்தை முகம் மாதிரி இருக்கும். அதில் ஒரு கண் காணாமல் போனால் 'ஆந்தை கண்ணடிக்கிறது' என்பார்கள் டாக்டர்கள். கட்டி அந்தப் பக்கத்து எலும்பைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். (யார் இந்தப் பெயரை வைத்தார்களோ!)

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. என்ற கம்பெனி. ஆமாம், பீட்டில்ஸ் ரெக்கார்டு போட்ட அதே கம்பெனிதான். அங்கே வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு முதலில் செய்து பார்த்த கருவி ஒரு படத்துக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மெஷினில் தலை மட்டும்தான் போகும். முழு உடம்புக்கான ஸ்கேனரை அமெரிக்காவில் ராபர்ட் லெட்லி 1974இல் கொண்டுவந்தார். முதுகெலும்பு அதுவரை காத்திருந்தது.

நம்ம ஊர் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை 1952 முதல் நடத்திய ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணப் படங்களை அப்படியே ஒன்றின் மேல் ஒன்று பரப்பினால் எல்லாம் மங்கிக் கலங்கிவிடும். முதலில் ஒரு வடிகட்டியில் போட்டு எடுத்தால் ஓரங்கள் தெளியும், கம்ப்யூட்டர் வேலையும் குறையும் என்று காட்டினார்கள். இன்றைக்கும் அதற்கு 'ராம்-லாக்' வடிகட்டி என்றே பெயர். 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, புள்ளிக்கு வருவோம். சி.டி.யில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. 2016இல் வந்த ஓர் ஆய்வு, வெள்ளைப் புள்ளியின் சராசரி 885க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் எலும்புத் தீவு, குறைந்தால் பரவிய புற்றாக இருக்க வாய்ப்பு என்றது. இதுவே கடைசித் தீர்ப்பு இல்லை. சிகிச்சை எடுத்த புற்றும் கெட்டியாகிவிடும். வெளி ஓடு உடைந்திருக்கிறதா, பக்கத்தில் சதை வளர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குறுக்குவெட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஹெமாஞ்சியோமா, அநேகமாகச் சாதுவான ரத்தக்குழாய்க் கட்டி.

இரண்டு மின்னழுத்தத்தில் படம் எடுத்துப் பொருளைப் பிரிக்கலாம் என்று ஹவுன்ஸ்ஃபீல்டு 1973லேயே எழுதிவிட்டார். அது ஆஸ்பத்திரிக்குப் பரவலாக வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது அந்த முறையில் கால்சியத்தைக் கழித்துவிட்டு, எலும்புக்குள் மஜ்ஜையின் மாற்றத்தையும் பார்க்கிறார்கள். அப்படியும் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ., கடைசியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதுதான்.

மாமாவுக்கு டாக்டர் திரையில் சின்ன வட்டம் போட்டு எண்ணைப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேல். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். போன மாதம் மறுபடி எடுத்தார்கள், புள்ளி அதே அளவு. இடுப்பு வலி மட்டும் இன்னும் இருக்கிறது.