ஆட்கடத்தல்

ஆட்கடத்தல் (பெ.): ஒருவரை வலிந்தோ ஏமாற்றியோ கொண்டுசெல்லுதல், சிறாரைப் பாதுகாவலர் இசைவின்றி அழைத்துச்செல்லுதல். சட்ட வழக்கில் ஆட்கவர்தல் என்றும் வரும். ‘கடத்தல்’ தனித்து நின்றால் தங்கம், சந்தனமரம் முதலிய பொருள்களைக் கடத்துவதையும் குறிக்கும். ஆதலால் ‘ஆள்’ என்னும் முன்னொட்டு தேவை. பழைய வழக்குகள்: சிறையெடுத்தல், தூக்கிச்செல்லுதல்.

சட்டம்: இந்தியா எங்கும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137, 138ஆம் பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. பழைய தண்டனைச் சட்டத்தில் சிறுவனுக்கு 16, சிறுமிக்கு 18 என்றிருந்த வயது வரம்பு இப்போது இருபாலர்க்கும் 18. மீட்புத்தொகை கேட்டுக் கடத்தி, கொல்வதாகவோ காயப்படுத்துவதாகவோ அச்சுறுத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.

உடன்போக்கு வேறு. காதலனுடன் தானே புறப்பட்ட பெண்ணைப் பெற்றோர் புகாரில் ‘கடத்தப்பட்டவள்’ என்று எழுதுவது இன்றும் வழக்கம். வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம், பதினெட்டை நெருங்கிய, விளைவறிந்த பெண் தானே வந்தபோது உடன் சென்றதை மட்டும் ‘அழைத்துச்செல்லுதல்’ ஆகக் கொள்ள முடியாது என்றது. இவ்வேறுபாட்டை மறைக்கும் செய்தித் தலைப்புகள் பெண்ணுக்கு அநீதி இழைக்கின்றன.

வரலாறு: 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பன் தொட்டகாஜனூரில் கடத்தினார், 108 நாள்களுக்குப் பின் விடுவித்தார்.

இலங்கை வழக்கு: வெள்ளை வானில் வந்து ஆளைக் கடத்துவது ‘வெள்ளை வான் கடத்தல்’. அவ்வாறு கடத்தப்பட்டுத் திரும்பாதவர்களைக் ‘காணாமல் போனோர்’ என்பதை அவர்தம் உறவினர் ஏற்பதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதே அவர்கள் கோரும் சொல்.