கதைப்பாடலில் நினைவும் புனைவும்: முத்துப்பட்டன் கதைவழி ஓர் ஆய்வு

வாய்மொழிக் கதைகளை ஆராய்வார்க்கு முதற்கண் எழும் வினா ஒன்றுண்டு. பாடுவோர் கேட்டதை நினைவிற்கொண்டு உரைக்கின்றனரா, அன்றி அவைக்கேற்பப் புனைகின்றனரா என்பதே அது. மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவில் திரட்டிய பாடல்களை ஆராய்ந்த ஆல்பர்ட் லார்டு, பாடகன் வரிகளை மனப்பாடம் செய்வதில்லை, வாய்பாட்டுத் தொடர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக யாக்கின்றான் என 1960இல் நிறுவினார். அக்கொள்கையைச் சங்கச் செய்யுட்குப் பொருத்திக் க. கைலாசபதி 1968இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார்.

தமிழகத்து வில்லுப்பாட்டோ இக்கொள்கைக்கு முற்றும் அடங்குவதன்று. குமரிநாட்டு வில்லிசைஞர் ஏட்டுச் சுவடிகளையும் துணைக்கொள்வர் என்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் விளக்குகின்றது. ஈண்டு நினைவும் எழுத்தும் ஒருங்கே நிற்கின்றன. ஆகவே, கதை முழுமையும் நினைவா புனைவா என வினவுதலினும், எப்பகுதி நினைவு, எப்பகுதி புனைவு என வினவுதலே பொருந்தும்.

இதற்கு முத்துப்பட்டன் கதை தக்க சான்றாகும். பொதிகைச் சாரலில் வழங்கும் இக்கதையை நா. வானமாமலை மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். அந்தணனாகிய பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகின்றான், பூணூலைக் களைகின்றான், செருப்புத் தைக்கப் பயில்கின்றான். மணமுடித்தபின் ஆநிரை கவர வந்தாரோடு பொருது மடிகின்றான். மனைவியர் தீப்புகுகின்றனர்.

இக்கதையின் வழக்கிலுள்ள பாடங்கள் அப்பெண்கள் இருவரும் பிறப்பால் அந்தணரே என்றும், வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் கூறுகின்றன. இது கலப்பு மணத்தைப் பொறாதார்க்காகப் பின்னர்ச் செருகப்பட்டது என்பது வானமாமலையின் கருத்து. அதனை ஏற்றற்குக் கதைக்குள்ளேயே காரணம் உண்டு. பெண்கள் அந்தணரே எனின், பட்டன் பூணூல் களைவதும் தோல்தொழில் பயில்வதும் பொருளிழந்து போகின்றன.

பிறிதொரு சான்றும் உளது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்பெறும் அவனுக்கு அடியார் இன்றும் செருப்பைக் காணிக்கையாக இடுகின்றனர். காவல் தெய்வம் பிறவற்றிற்கும் இக்காணிக்கை உண்டன்றோ எனின், உண்டு. ஆயின் ஈண்டுக் கதையும் சடங்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வாய்மொழி மறைக்க முயன்றதைச் சடங்கு மறைக்கவில்லை.

மதுரைவீரன் கதையிலும் இவ்வமைப்பையே காண்கின்றோம். சக்கிலியர் இல்லத்தில் வளர்ந்த வீரன் காசி மன்னன் மகனாக்கப்படுகின்றான். வடசென்னைக் கொண்டித்தோப்பில் இயங்கிய பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் பெரிய எழுத்துக் கதைகளை நாடெங்கும் பரப்பினர். பாடகன் மாற்றியது அடுத்த இரவில் மீண்டும் மாறக்கூடும். அச்சேறிய புனைவோ பலர்க்கு மூலமாகவே நிலைத்துவிடுகின்றது.

இவ்விரு கதைகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். மடிந்த வகையும் வழிபாடும் ஊரறிந்தவை. அவற்றை மாற்றுதல் எளிதன்று. பிறப்பு வரலாறோ கதைத் தொடக்கத்தில் நிற்பது, சான்று வேண்டாதது. குலம் பற்றிய அச்சம் புகுந்த இடம் அதுவே. கதைப்பாடலைப் பதிப்பிப்போர் பிறப்புப் பகுதியை ஏனைய பகுதிகளோடும் கோயில் வழக்கோடும் ஒத்துநோக்கிய பின்னரே மூலபாடம் எனக் கொள்ளல் வேண்டும். அன்றேல், ஒரு குலத்தார் போற்றிக் காத்த நினைவை அவரிடமிருந்து பறித்தவராவோம்.