விபுலானந்தரின் இன்னொரு மேசை

கல்லடிப் பாலத்தைத் தாண்டி உப்போடைக்குப் போற ஆருக்கும் விபுலானந்தரைத் தெரியாமல் இருக்காது. யாழ் நூல், சிவானந்த வித்தியாலயம், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் எண்டு பள்ளிக்கூடத்தில மனப்பாடம் பண்ணின பட்டியல் ஒண்டு நம்ம எல்லாரிட்டயும் இருக்கு. அந்தப் பட்டியலில பாதி வரியில வந்து போற வேலை ஒண்டு உண்டு: அவர் ஆங்கிலத் தத்துவ இதழ்களின் ஆசிரியர்.

1892இல், அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த காரைதீவில் பிறந்த மயில்வாகனம், முதலில் விஞ்ஞானம் படித்தவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டம். அதற்கு முன்பே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தபின் 'வேதாந்த கேசரி' என்ற ஆங்கில இதழிலும் 'இராமகிருஷ்ண விஜயம்' என்ற தமிழ் இதழிலும் ஆசிரியப் பணி. 1939இல் இமயமலை மாயாவதிக்குப் போய், 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழின் ஆசிரியரானார்.

அந்த இதழ் 1896இல் சென்னையில் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் ஒரு தமிழர்தான். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமய்யர். 1898இல் அவர் இளவயதில் இறந்துபோக, இதழ் வடக்கே இடம்மாறியது. தமிழில் நாவல் எழுதின ஒருத்தர் தொடங்கின ஆங்கில இதழ், நாற்பது வருசம் கழிச்சு யாழ் ஆராய்ச்சியில மூழ்கியிருந்த ஒருத்தரிட்ட வந்து சேருது.

இப்படியான இதழில் ஆசிரியர் வேலை எழுத்துப்பிழை திருத்துவதோடு முடியாது. 'மாயை' என்ற ஒரு சொல்லை எடுங்க. அதை ஆங்கிலத்தில 'இல்யூஷன்' எண்டு போட்டா வசனம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சைவ சித்தாந்தத்தில மாயை வெறும் தோற்றமில்லை. உலகம் உண்டாவதற்கு முதற்காரணமான, அழியாத உள்பொருள். சங்கரரின் அத்வைதத்திலயும் அது உள்ளது எண்டோ இல்லாதது எண்டோ சொல்லமுடியாத ஒண்டு. அழகான ஆங்கில வசனம் ஒண்டு ரெண்டு தரிசனத்தையும் ஒரே அடியில பிழையாச் சொல்லிப்போடும்.

வசன அமைப்பிலயும் சிக்கல் கிடக்கு. தமிழில வினை கடைசியில வரும். எச்சங்களாக் கோர்த்துக்கொண்டே போகலாம். ஆங்கிலம் எழுவாய்க்குப் பின்னாலயே வினையைக் கேக்கும். ஆர் சொல்றது, எதைச் சொல்றது எண்டு அங்க சீக்கிரமே தெரிஞ்சாகவேணும். 'எனக் கருதப்படுகிறது' எண்டு முடிக்கிற நம்மட ஆய்வுக்கட்டுரை வசனத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனா முதல் கேள்வியே 'ஆர் கருதினது?' எண்டதுதான். சங்கரரா, மெய்கண்டாரா, எழுதினவரா? அதுக்குப் பதில் இல்லாட்டி, பழுதானது வசனம் மட்டுமில்லை, யோசனையும்தான்.

இதே மனிதர்தான் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விவேகானந்தரின் கர்மயோகம், ஞானயோகம் சொற்பொழிவுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்கி 'ஆங்கிலவாணி' எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்துவதும் தமிழுக்குச் சொல் தேடுவதும் அவருக்கு ஒரே தொழிலின் இரண்டு கைகள்: கருத்துக்குச் சரியான சொல்லைக் கண்டுபிடிப்பது.

இப்ப வாவியின் ரெண்டு கரையிலயும் ஆய்வேடு எழுதுற பிள்ளைகளுக்கு இது சின்ன விசயமில்லை. 'இங்கிலீஷ் வடிவா இல்லை' எண்ட பயத்தில கனபேர் நல்ல கேள்வியையே கைவிடுறாங்க. இன்னும் சிலர் முழுக் கட்டுரையையும் மென்பொருளில போட்டு மினுக்கி எடுக்கிறாங்க. மென்பொருள் வசனத்தை மினுக்கித் தரும். நீங்க சொல்ல வந்தது எந்த மாயை எண்டு அதுக்கு நீங்கதான் சொல்லவேணும். அதைச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் பிறகு பழகிக்கொள்ளக்கூடிய ஒண்டுதான். ஆகவே ஆங்கிலத்தில திருத்த முன்னம் அந்த வசனத்தைத் தமிழில ஒருக்கா எழுதிப் பாருங்க. அங்கயும் கலங்கலாக் கிடந்தா, திருத்தவேண்டியது ஆங்கிலத்தை இல்லை.