கட்டண பாக்கி இருக்கும்போது மின்சார நிறுவனத்தை மாற்றலாமா?

இரண்டு மாத மின்கட்டணம் பாக்கி. வேறொரு நிறுவனம் குறைந்த விலையில் மின்சாரம் தருவதாக விளம்பரம். உடனே மாறிடலாமா? கொஞ்சம் பொறுங்க.

சிங்கப்பூரின் திறந்த மின்சாரச் சந்தை 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கியது. 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதும் வந்துவிட்டது. வீட்டுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

மாறினால் பாக்கி போய்விடுமா?

போகாது. பழைய கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் விலகினால், அதற்கான கட்டணமும் சேரலாம்.

கட்டாவிட்டால் மின்சாரம் உடனே நின்றுவிடுமா?

விற்பனை நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்தால், உங்கள் கணக்கு எஸ்பி குழுமத்துக்கு மாறும். மின்விநியோகம் அதனால் தடைபடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் எஸ்பி கட்டணத்தைச் செலுத்துவீர்கள். ஆனால் அங்கேயும் பில் தேங்கினால், மின்சாரம் துண்டிக்கப்படலாம்.

அப்போ என்ன செய்வது?

• முதலில் நிறுவனத்தை அழைத்து, தவணையில் கட்ட முடியுமா என்று கேளுங்கள். பில்லை ஒளித்துவைக்காதீங்க.
• தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்கு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் யூ-சேவ் தள்ளுபடி வரும். கணக்கில் பாருங்கள்.
• வீட்டுச் செலவே கஷ்டம் என்றால், சமூகச் சேவை அலுவலகத்தை நாடலாம்.
• புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், முன்வைப்புத் தொகை எவ்வளவு, விலகும் கட்டணம் எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

பாக்கியைத் தீர்க்க வழி தெரிந்த பிறகு மாறுங்கள். அப்போதுதான் குறைந்த விலை உண்மையிலேயே மிச்சமாகும்.