முழங்கால் ஜவ்வும் ஒரு பழைய தமிழ்ப் புத்தகமும்

நன்னிலம் பக்கம் கபடி ஆடும் பையன்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பாடிப் போனவன் சட்டென்று திரும்புவான், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். டாக்டர் "லிகமென்ட்" என்பார். ஊரில் "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் தசைநார்.

சரி, எந்த ஜவ்வு? முழங்காலில் முக்கியமானவை நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டுக்குள்ளே பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கிடும் இன்னும் இரண்டு. குறுக்கிடுபவற்றில் முன்னது, கணுக்கால் பக்கத்து எலும்பு தொடை எலும்பை விட்டு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. பின்னது பின்னால் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. பழைய கிரேக்க மருத்துவர் காலென் காலத்திலேயே இவை தெரிந்திருந்தன. தெரிந்து என்ன, கிழிந்தால் சரிசெய்யத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

இந்த உடற்கூற்றை எல்லாம் தமிழில் படிக்க முடியுமா என்று கேட்டால் இன்று சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படித்தார்கள்! அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-ல் அங்கே வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுத்தார். 1860-களில் மானிப்பாய் வகுப்பைத் தமிழுக்கே மாற்றினார். புத்தகம் வேண்டுமே? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். அறுவை சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' 1867-ல் வந்தது. லண்டனில் 1858-ல் வெளியான ஹென்றி கிரேயின் பெரிய உடற்கூற்று நூல் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குறுக்கு நார்களைத் தைத்துச் சரிசெய்த முதல் ஆபரேஷன்களில் ஒன்று 1895-ல்தான் நடந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற சர்ஜன், 41 வயது சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டையும் தைத்தார். அவர் திரும்ப வேலைக்கே போய்விட்டார். அதாவது தமிழ்ப் புத்தகம் வந்து 23 வருஷம் கழித்து!

ஆனால் தையல் எல்லோருக்கும் நிற்கவில்லை. 1917-ல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹே குரோவ்ஸ் எலும்பில் துளை போட்டு, தொடையின் வெளிப்பக்கத் திசுப் பட்டையைக் கோத்துப் புது நார் செய்தார். இன்றைய ஆபரேஷனுக்கும் அடிப்படை அதுதான். துளை பழைய நார் ஒட்டியிருந்த இடத்தில் விழ வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் புது நார் மடக்கும்போது இழுக்கும், நீட்டும்போது தளரும். இதற்குத்தான் உடற்கூறு.

கிரீனின் வழி தொடரவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் எம்.பி.பி.எஸ். ஆங்கிலத்தில்தான். நோயாளிக்கு மிஞ்சியது 'ஜவ்வு' என்ற ஒரே சொல். உள்ளே இருக்கும் குறுத்தெலும்பு வட்டு கிழிந்தாலும் அதே ஜவ்வுதான். எலும்பையும் எலும்பையும் கட்டுவது தசைநார், தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இன்று பெரும்பாலும் தொடையின் பின்பக்க நாணை எடுத்துத்தான் முழங்காலுக்குள் நாராக வைக்கிறார்கள். ஒரு ஜவ்வு கிழிந்ததற்கு நல்லா இருக்கிற இன்னொன்றை எதற்கு வெட்டினார்கள் என்று கட்டுப் போட்ட காலோடு பையன் கேட்பான். சம்மதப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பான்.