பேரேட்டில் ஏறாத பொம்மை

என் தாயார் துணியில் செய்த பொம்மைகள் மொத்தம் ஐந்து. தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, ஒரு சிறுமி என்று ஒரு முழுக் குடும்பம். இப்போது எங்களிடம் இருப்பது ஆச்சி மட்டும். பழைய வீட்டைக் காலி செய்து இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது, பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தவன் நான். ஆச்சி அப்போது என் தங்கை வீட்டில் இருந்ததால் தப்பினாள். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்கை நேர் செய்தவனுக்கு இந்த நாலு பொம்மைகளின் கணக்கு இன்னும் நேராகவில்லை.

அம்மா பொம்மை செய்யும் விதம் எளிது. வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிதான் உடம்பு. உள்ளே பஞ்சும் கிழிந்த துணியும். துணிப் பொம்மைக்குக் கழுத்துதான் எப்போதும் பிரச்சினை. நாலு நாளில் தலை தொங்கிவிடும். அதற்காக இரண்டு ஈர்க்குச்சியைச் சேர்த்துக் கட்டி உள்ளே செருகிவிடுவார். கண்ணும் வாயும் நூலில். மை போட்டால் குழந்தை வாயில் வைத்துவிடும் என்பார். தலைமுடிக்குப் பழைய சவுரி.

உடுத்துவதுதான் நாள் கணக்கில் நடக்கும். மரப்பாச்சிக்குச் சுற்றுவதுபோல ஒரு துண்டைச் சுற்றிவிட மாட்டார். தாத்தா பொம்மைக்குக் கரை வேட்டி வேண்டும். வேட்டிக்கு ஏற்ற அகலத்தில் கரை வேண்டும். அதற்காகத் தையல்கடையில் வெட்டி விழுந்த துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து தேடுவார். ஆச்சிக்குப் பின்கொசுவம் வைத்த சேலை. தோள் வரை தொங்கும் காதுக்கு இரண்டு துணி நாடா. பாம்படத்துக்கு மஞ்சள் நூல் சுற்றிய வேப்பங்கொட்டை. உண்மையான ஆச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஊரில் எல்லாரும் காதை அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டபோதும் கடைசி வரை அதற்குச் சம்மதிக்காதவர். அந்தப் பிடிவாதம் பொம்மையில் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஆச்சியின் முதுகுத் தையல் விட்டுப்போனது. பஞ்சை உள்ளே தள்ளப் போனபோது ஒரு நீலத் துணித் துண்டு வந்தது. என் தங்கையின் பள்ளிச் சீருடை. அதற்கும் உள்ளே என் சட்டை ஒன்றின் காலர்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இப்படி ஒரு பொம்மை உண்டு. ரோமானியர் ஆண்ட எகிப்தில், கி.பி. 1 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் செய்தது. லினன் துணிதான் உடம்பு. உள்ளே கந்தல் துணியும் பாப்பிரஸ் காகிதத் துண்டுகளும். எகிப்தின் வறண்ட மணல் அதைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தில்தான் நம் மாவட்டத்துக் கொற்கையின் முத்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பயண நூலில் கொற்கையின் முத்துக்குளிப்பு வருகிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியப் பருத்தித் துணியும் கிடைத்திருக்கிறது. முத்து போனது, துணியும் போனது. கொற்கைச் சிறுமி எதை வைத்து விளையாடினாள்? ஈர மணலில் செய்த வண்டற்பாவையையும், கோரைப் புல்லில் முடைந்த பாவையையும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மணல் அலையோடு போயிற்று, கோரை மக்கிப்போயிற்று. நம் ஈரக் காற்றில் துணி மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

தூத்துக்குடி என்றால் முத்து என்கிறோம். ஆனால் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு நிலையான வியாபாரம் துணிதான். சிப்பி விளைந்த வருடம்தான் முத்துக்குளிப்பு. விளையாவிட்டால் பல வருடம் சும்மா இருக்க வேண்டும். துணி அப்படியல்ல. உள்ளூர் வியாபாரிகளிடம் முன்பணம் கொடுத்து, சுற்று வட்டார நெசவாளர்களிடமிருந்து வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். ஒவ்வொரு கட்டும் பேரேட்டில் ஏறியது.

1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு துணிக்குப் பதில் பஞ்சு கப்பல் ஏறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்த ஊர்ப் பஞ்சு இங்கிலாந்துக்கு வரவில்லை. நம் கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை எகிறியது. 1876இல் ரயில் வந்தது. 1888இல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் வந்தது. 1908 பிப்ரவரி 27இல் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தத்தை நாம் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பெயரோடு நினைக்கிறோம். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவை கேட்டு ஒன்பது நாளில் வென்றார்கள். அந்தக் காலச் சட்டத்தையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1891 தொழிற்சாலைச் சட்டப்படி 9 வயது நிறைந்த பிள்ளையை ஆலையில் நாளுக்கு 7 மணி நேரம் வேலை வாங்கலாம். 1922இல்தான் அந்த வயது 12 ஆனது.

எங்கள் ஆச்சி 12 வயதில் பருத்தி ஜின்னிங் ஆலைக்குப் போனவர். பொம்மை வைத்து விளையாடிய ஞாபகமே தனக்கு இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மடியில் ஒட்டி வரும் பஞ்சை உதறிச் சேர்த்துத் தலையணை செய்வாராம். ஐந்து பொம்மைகளில் அம்மா முதலில் செய்தது ஆச்சியை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

துணிப் பொம்மை செய்வது பழங்கதை ஆகிவிடவும் இல்லை. 2004 சுனாமியில் இலங்கை மறைத்து நின்றதால் நம் ஊருக்குச் சேதம் குறைவு. வடக்கே பாதிக்கப்பட்ட மீனவக் கிராமத்துப் பெண்களுக்கு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் துண்டுத் துணியில் விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. ‘சுனாமிகா’ என்று பெயர். லட்சக்கணக்கில் செய்து பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. விற்பதில்லை, கொடுப்பதுதான், பெறுபவர் விரும்பினால் நன்கொடை தரலாம். பி.காம். படித்த எனக்கு இது முதலில் புரியவே இல்லை. அம்மாவும் ஒரு பொம்மையைக்கூட விற்றதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஆச்சியின் முதுகை என் மனைவி தைத்துவிட்டாள். சீருடைத் துண்டும் காலரும் மறுபடி உள்ளேயே போய்விட்டன.

வரும் நவராத்திரிக்கு நம் சமுதாயக் கூடத்தில் கொலு வைக்கும்போது கீழ்ப்படியில் ஒரு ஓரம் கேட்டிருக்கிறேன். செயலாளர் சரி என்றார். உங்கள் வீட்டில் யாராவது தைத்த துணிப் பொம்மை இருந்தால், கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செய்ததாக இருந்தாலும் சரி. யார் தைத்தது, எந்தச் சேலை, எந்தச் சட்டை என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியில் ஆச்சி ஏறிவிட்டாள்.